பத்துச் சாடிக் கனியும் கணவாயில் நின்ற உப்பும்

நலம் பெருகுக. ஏழு கணவாய்களைக் காப்பவரும், வரையாட்டுக் கொடி உடையவரும், மலைப்பாதையையும் மக்கள் குறையையும் நேரில் சென்று பார்ப்பவருமான பனிவரை வேந்தர் கார்வண்ணச் சேந்தர் திருவுளப்படி, தலைமை அமைச்சர் கண்ணனார் எழுதுவித்த ஓலை. மேல்மலை, நடுமலை, கீழ்மலை ஆகிய மூன்றின் ஊர்த்தலைவர்களும், சபையாரும், உழவரும், தச்சரும், குயவரும், தேனெடுப்போரும், எல்லாருக்கும் மேலாக ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு உரியவர்களும் கூடியிருந்து கேட்பீராக. உங்கள் சுனைகள் வற்றாதிருக்க. உங்கள் ஆடுமாடுகள் ஈன்று பெருக. உங்கள் மாமரங்கள் இவ்வாண்டும் கிளை தாழக் காய்க்க.

சென்ற கார்த்திகை முதல் மாசி வரை உங்கள் கஞ்சியில் உப்புக் குறைந்த காரணத்தை ஊருக்கு ஒரு விதமாகப் பேசுகிறீர்கள் என்பது அரசர் செவிக்கு எட்டியது. நம் அரசர் நெய்தற்கரை அரசியை இகழ்ந்து பேசினார் என்கிறது மேல்மலை. அனுப்பிய சாடிக்குள் பேய் புகுந்துகொண்டது என்கிறது நடுமலை. அரண்மனை உக்கிராணத்து வெண்ணி கனியில் நஞ்சைக் கலந்தாள் என்கிறது கீழ்மலை. மூன்றும் பொய். நடந்ததை நடந்தபடி எழுதுக என்றும், பேசியவர்கள் பேசிய சொல்லை மாற்றாது எழுதுக என்றும் ஆணையாதலால், அரச ஓலைக்கு ஒவ்வாத பேச்சு இடையிடையே வரக்கூடும். பொறுத்துக்கொள்க.

வெண்ணி என்பவர் அரண்மனை உக்கிராணத்துக்குப் பொறுப்பானவர். அரிசி, பருப்பு, நெய், தேன் என்று உள்ளே வருவதும் வெளியே போவதும் அவர் கண் பார்த்துத்தான். நாற்பத்திரண்டு வயது. குரல் கொஞ்சம் பெரிது. கணவர் கொற்றன் தச்சுத் தொழிலாளி. கதவும் கட்டிலும் செய்வதோடு சாடிகளுக்கு மூடியும் கடைந்து தருபவர். கொற்றனுக்குப் பழமென்றால் உயிர். நான்காண்டுகளுக்கு முன் அவருக்கு இனிப்பு நீர் நோய் கண்டது. சர்க்கரையும் வெல்லமும் பாகும் கண்ணாலும் பார்க்கக் கூடாது, பழமும் அளவோடுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாம்பழக் காலம் முடிந்தால் நம் நாட்டில் பழம் என்பது சர்க்கரைப் பாகில் மூழ்கிய துண்டுதானே. ஆகவே ஆடி பிறந்தது முதல் அடுத்த வைகாசி வரை அந்த மனிதர் பட்டினி கிடந்தவரைப் போல முகம் வாடித் திரிந்தார்.

வெண்ணிக்கு அது பொறுக்கவில்லை. பழத்தைச் சர்க்கரை இல்லாமலே, அதன் சாற்றிலேயே கொதிக்கவைத்துச் சிறு சாடிகளில் அடைத்தார். பத்து நாளாவது தாங்கட்டும் என்பதே அவர் எண்ணம். ஒரு சாடி அரிசிக் குதிருக்குப் பின்னால் மறந்துபோய்க் கிடந்தது. நான்கு மாதம் கழித்துக் குதிர் நகர்த்தப்பட்டபோது அந்தச் சாடி கண்ணில் பட்டது. கொட்டிவிடலாமென்று திறந்தவர் மூக்கருகே கொண்டுபோய்த் திகைத்து நின்றார். நேற்றுச் சமைத்ததுபோல மணந்தது.

வேறொருவராயிருந்தால் அதிசயம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு அதோடு விட்டிருப்பார். வெண்ணி அடுத்த ஆண்டு ஆறு சாடிகளை எடுத்துக்கொண்டார். சிலவற்றில் சர்க்கரையை நிறையப் போட்டு மூடியைத் தளர விட்டார். சிலவற்றில் சர்க்கரையே போடாமல், சாடியையும் கொதிநீரில் குளிப்பாட்டி, கனியைச் சூடாக நிரப்பி, மூடிமேல் தேன்மெழுகு ஊற்றிக் காற்றுப் புகாமல் அடைத்தார். தை மாதம் திறந்து பார்த்தபோது, சர்க்கரை நிறைந்த தளர்மூடிச் சாடிகளில் பூஞ்சை பூத்திருந்தது. சர்க்கரை இல்லாதவை நன்றாயிருந்தன. கொற்றன் அன்று மூன்று மாம்பழத் துண்டு உண்டார். நான்காவதற்குக் கை நீட்டியபோது வெண்ணி சாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

இது இவ்வாறிருக்க, நாட்டின் காரியத்துக்கு வருவோம். நமக்கும் நெய்தற்கரை நாட்டுக்கும் மூன்று தலைமுறையாக உள்ள உடன்படிக்கை நீங்கள் அறிந்ததே. ஆண்டுதோறும் ஆவணியில் நாம் பத்துச் சாடி மலைக்கனி அனுப்புவோம். அவர்கள் ஆண்டு முழுவதும் உப்பு வண்டி அனுப்புவார்கள். கனிக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்துச் செய்வது அரண்மனை மடைப்பள்ளியின் வழக்கம். சென்ற ஆண்டு சமவெளியில் வெள்ளம் வந்து கரும்பு வயல்களை அடித்துக்கொண்டுபோனது. சர்க்கரை வரவில்லை. உக்கிராணத்தைத் துழாவியதில் ஒரு சிறு பானை மட்டும் தேறியது. தோட்டத்திலோ மாம்பழமும் நாவற்பழமும் மலைநெல்லியும் உதிர்ந்து ஈ மொய்த்துக்கிடந்தன.

மடைப்பள்ளி நாயகர் தாமனார் முப்பதாண்டுகளாகக் கனிச் சாடி செய்தவர். இவ்வாண்டு கனி இல்லையென்று எழுதிவிடலாம் என்று அவர் சொன்னார். அப்போது வெண்ணி முன்வந்து சொன்னது இது:

"ஐயா, சர்க்கரை ருசிக்குத்தானுங்க. பழத்தைக் கெடாம வச்சிருக்கிறது சூடும் மூடியும். சாடிக்கு ஒரு கைப்பிடி சர்க்கரை போதும். எங்க வீட்டுல நான் செஞ்சு பார்த்தாச்சு."

தாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. "உங்க வீட்டுக்காரருக்குச் செய்யிறதும் ஒரு ராணிக்கு அனுப்புறதும் ஒண்ணா?" என்று கேட்டார். அமைச்சர் கண்ணனார் வேறு வழி தெரியாமல் வெண்ணிக்கே அப்பணியைக் கொடுத்தார். மடைப்பள்ளி அடுப்பைத் தாமனார் விட்டுக்கொடுக்காததால் பத்துச் சாடியும் வெண்ணியின் வீட்டிலேயே நிரம்பின. மூடி பத்தும் கொற்றன் கடைந்தவை. ஒவ்வொரு சாடியின் கழுத்திலும் வெண்ணி ஓர் ஓலை நறுக்குக் கட்டினார். அதில் எழுதியிருந்தது இவ்வளவே: 'சர்க்கரை குறைவு. மூடியிருக்கும்வரை கெடாது. திறந்தால் குளிர்ந்த இடத்தில் வைத்து ஏழு நாளில் தீர்த்துவிடவும். ஈரக் கரண்டி ஆகாது.'

சாடிகள் முத்திரைக்காக மடைப்பள்ளி வழியே சென்றன. தாமனார் அந்த நறுக்குகளைப் பார்த்தார். சர்க்கரை இல்லாத ஏழைகள் என்று நம்மை நாமே பறைசாற்றிக்கொள்வதா என்று மனம் கூசி, பத்தையும் அறுத்து அடுப்பில் போட்டார். முத்திரை வைத்த அமைச்சரும் சாடியின் கழுத்தைப் பார்க்கவில்லை. இந்த ஓலையை எழுதுவிப்பவர் அவரே என்பதால் அதை மறைக்காமல் எழுதுவிக்கிறார்.

நெய்தற்கரை அரசி முத்தங்கண்ணி நாச்சியார் ஐப்பசியில் முதற்சாடியைத் திறந்து சுவைத்தார். மிகவும் பிடித்துப்போயிற்று. பழம் பழமாகவே இருக்கிறது என்று புகழ்ந்து, இதைக் கார்த்திகை விருந்தில் அயல்நாட்டார் முன் பரிமாற வேண்டும் என்று எடுத்து வைக்கச் சொன்னார். பழைய பாகுக் கனி திறந்தபின்னும் மாதக்கணக்கில் கிடக்கும். அந்த நினைப்பிலேயே, கரண்டியை உள்ளே போட்டபடி, சமையலறைச் சூட்டிலேயே இருபத்துமூன்று நாள் வைத்துவிட்டார்கள். மூடியை மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே கனி புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

விருந்தன்று அவர்களுடைய மாளிகை நாயகர் கடலனார் பொன்தட்டில் சாடியை ஏந்திவந்து, அரசியின் முன் குனிந்து, கட்டை அவிழ்த்தார். மூடி எகிறி அவர் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போயிற்று. நுரை அவருடைய மீசையிலும் பட்டாடையிலும் வழிந்தது. விருந்தினர் ஐந்து நாட்டார். ஐந்து நாட்டாரும் சிரித்தார்கள்.

பனிவரையார் தம்மைக் கேலிப்பொருளாக்கினார் என்று அரசி வெகுண்டார். அன்றே உப்பு வண்டிகளைக் கணவாய்க்கு அப்பால் நிறுத்தினார். திறவாத ஒன்பது சாடிகளையும் மாசி முதல் வாரத்தில் கீழ்க்கணவாயில் திருப்பித் தருவோம், அவற்றை நீங்கள் ஏற்றுக்கொண்ட நொடியே உடன்படிக்கை முறிந்ததாகும் என்று ஓலை அனுப்பினார்.

அந்தச் செய்தி வந்த நாள் முதல் அரண்மனையில் எல்லா விரலும் வெண்ணியை நோக்கின. உக்கிராணச் சாவி அவர் கையிலிருந்து வாங்கப்பட்டது. தெருவில் பெண்கள் அவரைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். தை பிறந்ததும் ஊரெங்கும் உப்பு தீர்ந்தது. ஊறுகாய் போட முடியவில்லை, மோர் குடிக்க முடியவில்லை. கொற்றன் இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்காகப் பண்ணப்போயித்தான் உனக்கு இந்தக் கெட்டபேரு" என்றாராம். அதற்கு வெண்ணி, "பேரு கெட்டா பரவால்ல. சாடி எப்படிக் கெட்டுச்சுன்னு தெரியணும். அதுதான் எனக்குத் தூக்கம் வரல" என்றாராம். கைப்பட மெழுகு ஊற்றியவருக்கு அந்த ஒரு சாடி பொங்கியது எப்படி என்பது விளங்கவேயில்லை. அவர் எழுதிக் கட்டிய நறுக்குகள் சாம்பலானது அப்போது அவருக்குத் தெரியாது.

அரசவையில் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த ஒம்பது சாடியையும் வாங்கிக்கிறதுக்கு முன்னாடி அங்கயே திறந்து பார்க்கணும். நானே வரேன். கெட்டிருந்தா என்னைய அந்த நாட்டுக்காரங்க கையிலயே கொடுத்துடுங்க." அரசர் இசைந்தார்.

மாசி நான்காம் நாள் காலை, கீழ்க்கணவாயின் கல்மண்டபத்தில் இருநாட்டாரும் கூடினர். நம் பக்கம் அமைச்சரும் தாமனாரும் வெண்ணியும்; அவர்கள் பக்கம் கடலனாரும் எழுபது உப்பு வண்டிகளும். வண்டிகளை உடன் கொண்டுவந்தது, நாம் எதை இழக்கிறோம் என்று கண்ணெதிரே காட்டுவதற்காம். மூடப்படாத வண்டிகளில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்திருந்ததைக் கண்டு நம் காவலர்கள் எச்சில் விழுங்கியதை அமைச்சரே பார்த்தார்.

ஒன்பது சாடிகளும் வரிசையாக வைக்கப்பட்டன. கடலனார் நான்கு முழம் தள்ளியே நின்றார். "நீங்களே திறங்கம்மா. எனக்கு ஒரு தடவை போதும்" என்றார்.

வெண்ணி முதல் சாடியின் மெழுகைக் கத்தியால் கீறினார். மூடி மெல்லிய ஓசையோடு காற்றை உள்ளிழுத்துத் திறந்தது. மாம்பழ மணம் மண்டபமெங்கும் பரவியது. ஒரு துண்டை எடுத்து முதலில் தாம் உண்டார். அடுத்த துண்டைக் கடலனாரிடம் நீட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். பிறகு கண்ணைத் திறந்து, யாரும் சொல்லாமலே இன்னொன்று எடுத்தார். இரண்டாவது நாவற்பழம், மூன்றாவது மலைநெல்லி. நான்கு, ஐந்து, ஆறு. ஆவணியிலிருந்து மாசிவரை ஆறு மாதம் மூடிக்கிடந்தவை, ஒன்றும் பழுதில்லை. தாமனார் கூடத் தம்மை மறந்து ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். ஏழு, எட்டு.

ஒன்பதாவது சாடியின் மெழுகைத் தொட்டதும் வெண்ணியின் கை நின்றது. மூடியின் நடு இலேசாக மேலே உப்பியிருந்தது. மெழுகில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. நான்கு முழத்துக்கு அப்பால் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அருகில் நின்ற தாமனார் கண்டுகொண்டார். வெண்ணியின் காதருகே குனிந்து, "எட்டு நல்லாருக்குல்ல, போதும்மா. இதைத் திறக்காம மத்ததோட சேத்து வச்சிடலாம். வாயைத் திறக்காதீங்க" என்று கெஞ்சினார். எழுபது வண்டி உப்பு அந்த ஒரு மூடிமேல் நின்றது.

வெண்ணி சாடியை இரு கையாலும் தூக்கிக் கடலனார் முன் கொண்டுபோய் வைத்தார்.

"ஐயா, இது கெட்டுப்போச்சுங்க. மூடி உப்பியிருக்கு பாருங்க. இப்படி இருந்தா ருசி கூடப் பார்க்கக் கூடாது, அப்படியே குழிதோண்டிப் புதைச்சிடணும். தப்பு என்னோடதுதான். கடைசிச் சாடி, கை சோர்ந்துபோச்சு. விளிம்புல ஒட்டியிருந்த பழத்தைத் துடைக்காம மூடிட்டேன்."

அமைச்சர் கண்ணனார் உடன்படிக்கை முடிந்தது என்றே எண்ணித் தலை கவிழ்ந்தார்.

கடலனார் நான்கு முழத்தையும் கடந்து அருகே வந்தார். உப்பிய மூடியைப் பார்த்தார், வெண்ணியைப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். "தெரிஞ்சிருக்காதுங்க. தின்னவங்க வயித்துக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் வெண்ணி.

"அப்ப அரண்மனைக்கு வந்த அந்த மொத சாடியும் இதே மாதிரிதானா?"

"அது தெரியாமத்தானுங்க நான் தூங்காம கிடக்கிறேன். நீங்க திறக்கும்போதே பொங்குச்சா?"

"இல்லையே. திறந்து சாப்பிட்டோம், நல்லாத்தான் இருந்துச்சு. இருபத்துமூணு நாள் கழிச்சுத்தான் என் தலையில விழுந்துச்சு."

"இருபத்துமூணு நாளா? ஏழு நாள்தான்னு எழுதிக் கட்டியிருந்தேனேங்க!"

"ஒரு எழுத்தும் வரலையேம்மா."

அப்போது தாமனார் இருவருக்கும் நடுவே வந்து தம் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். முப்பதாண்டு மடைப்பள்ளியை ஆண்டவர் அவர். "நறுக்கு பத்தையும் நான்தான் எரிச்சேன். சர்க்கரை இல்லைன்னு சொல்ல வெக்கமாயிருந்துச்சு. இந்தம்மா இத்தனை பேரு முன்னாடி தன் சாடியைத் தானே கெட்டதுன்னு சொல்றாங்க. இதைப் பார்த்துட்டு நான் எப்படி வாயை மூடிக்கிட்டு நிக்கிறது?" என்று சொன்னார்.

கடலனார் முதலில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. மீசையிலிருந்து நுரையை வழித்த நினைவு வந்ததோ என்னவோ, மண்டபம் அதிரச் சிரித்தார். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நம் காவலர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் அவர் வண்டிகளை நோக்கிக் கையை வீசினார். எழுபது வண்டிகளும் கணவாய் ஏறின. நல்ல சாடிகள் எட்டையும் அவர் தம்மோடு எடுத்துக்கொண்டார். வழியில் தின்றது போக ஆறு சாடிதான் வந்து சேர்ந்தது என்றும், உடன்படிக்கை நிற்கிறது என்றும் அரசி பின்னர் எழுதியிருந்தார். ஒன்பதாவதை வெண்ணியும் தாமனாரும் சேர்ந்தே குழிதோண்டிப் புதைத்தார்கள்.

உக்கிராணச் சாவியை அரசரே தம் கையால் வெண்ணிக்குத் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் ஐயம் கொண்டதற்கு அவையறிய வருத்தமும் தெரிவித்தார். தாமனாருக்குத் தண்டனை என்னவென்று கேட்கப்பட்டபோது, முடிவு வெண்ணியிடமே விடப்பட்டது. இவ்வாண்டு மாம்பழம் முழுவதையும் தம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தோல் சீவித் தரவேண்டும் என்றார் வெண்ணி. தாமனார் சீவிக்கொண்டிருக்கிறார். நன்றாகவே சீவுகிறார் என்று கேள்வி.

இனி ஆணை கேட்பீராக. சமவெளிக் கரும்பு மீண்டு வர இன்னும் ஓராண்டு ஆகும். ஆகவே இவ்வாண்டு எவரும் சர்க்கரை இல்லையென்று பழத்தை உதிரவிட்டு வீணாக்கலாகாது. அடிபடாத, அழுகாத, புளிப்புள்ள பழமாகத் தெரிந்தெடுக்க. மாம்பழம் நன்றாகப் பழுத்து இனித்தால் எலுமிச்சைச் சாறு தாராளமாகச் சேர்க்க. இதில் சிக்கனம் கூடாது. சாடிக்கு ஒரு கைப்பிடிச் சர்க்கரைக்கு மேல் வேண்டாம். அதுவும் இல்லாவிடில் பழத்தின் சாறே போதும். சாடியையும் மூடியையும் கொதிநீரில் இட்டு எடுத்து, கொதிக்கும் கனியைச் சூடாகவே நிரப்பி, விளிம்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மூடி, கழுத்தளவு கொதிநீரில் ஒரு நாழிகை நிறுத்தி, எடுத்தவுடன் மெழுகு ஊற்றுக. சிறு சாடியே நலம். பெரிய சாடியைத் திறந்தால் ஏழு நாளில் தீர்க்க வீட்டில் ஆள் வேண்டுமே. மூடி உப்பியதையும், வாடை மாறியதையும், நுரைத்ததையும் நாவில் வைக்காது புதைக்க. இனிப்பு நீர் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவு மீறாதிருக்க. இது வெண்ணி தனியே சேர்க்கச் சொன்னது.

மேலும், எந்தச் சாடியிலும் செய்தவர் கட்டிய நறுக்கை எவரும் அறுக்கலாகாது. அரச முத்திரை வைப்பவரும் அதை வாசித்த பின்பே வைக்கக் கடவர். அமைச்சருக்கும் இது பொருந்தும்.

கார்வண்ணச் சேந்தர் ஆண்டு பதினொன்று, வைகாசித் திங்கள் ஆறாம் நாள், வரையாட்டு முத்திரை இட்டு விடுத்த இவ்வோலையை ஊர் மன்றில் மூன்று முறை உரக்க வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். இம்முறை ஒருமுறை வாசித்தால் போதும் என்று அரசர் தளர்த்தியிருக்கிறார். மாம்பழம் உதிரத் தொடங்கிவிட்டது. எழுந்துபோய் அடுப்பை மூட்டுக.